'பைக்' என்றால் புல்லட் இல்லை பாஸ்! ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்கில் சைக்கிள் கேள்வி வந்தால் என்ன பேசலாம்?

'சின்ன வயசுல உங்ககிட்ட பைக் இருந்ததா?'

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் ஸ்பீக்கிங் அறையில் எக்ஸாமினர் ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டால், நம்மூர் மூளை உடனே அப்பாவின் ஸ்ப்ளெண்டரையும் பக்கத்து வீட்டு அண்ணனின் புல்லட்டையும்தான் தேடும். 'எனக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் பைக் ஓட்டியதில்லை' என்று பதில் சொல்லிவிட்டால், அடுத்த கேள்வியே குழப்பமாகிவிடும். ஏனென்றால், அவர் கேட்டது சைக்கிளைப் பற்றி!

தமிழில் நமக்கு 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள். பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் அன்றாடப் பேச்சில் 'பைக்' என்றால் பெரும்பாலும் மிதிவண்டிதான். புரியாவிட்டால், கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்வதில் தவறே இல்லை. புரியாத கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சைக்கிள் ரொம்ப எளிமையான தலைப்புதானே என்று தோன்றும். ஆனால், இந்தத் தேர்வில் அரை பேண்ட் குறைந்தாலும் பலரின் திட்டம் தள்ளிப்போகிறது. உதாரணமாக, பிரிட்டனில் நர்ஸாகப் பதிவுசெய்ய இந்தத் தேர்வை எழுதுபவருக்கு ஸ்பீக்கிங்கில் 7 பேண்ட் தேவை. 6.5 போதாது. தேர்வுக் கட்டணமோ 17,000 ரூபாய்க்கு மேல். நகையை அடகுவைத்துப் பணம் கட்டும் வீடுகளும் உண்டு. அதனால் சைக்கிள்தானே என்று விட்டுவிட முடியாது.

14 நிமிடம்... 3 பகுதி!

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடங்கள்தான். முதல் பகுதியில் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு என்று நம்மைப் பற்றிய சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவதில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, தரப்படும் தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாவது பகுதி, அதே தலைப்பையொட்டிய விரிவான உரையாடல்.

மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு. தடங்கலில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. நீங்கள் சொல்லும் தகவல் சரியா தவறா என்பதற்கு இதில் மதிப்பெண் இல்லை. உங்களிடம் சைக்கிளே இருந்ததில்லை என்றாலும், அதையே காரணத்தோடு சொன்னால் நல்ல பதில்தான்.

தமிழ் நம்மை வழுக்கிவிடும் இடம்

'அப்போல்லாம் தினமும் சைக்கிள்லதான் ஸ்கூலுக்குப் போவேன்' என்போம். கடந்த காலப் பழக்கத்தைச் சொல்ல, தமிழில் 'போவேன்' என்று எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். அதை அப்படியே மாற்றினால் 'ஐ வில் கோ' என்று வந்துவிடும். கேட்பவருக்கு, இனிமேல்தான் போகப்போகிறீர்கள் என்று அர்த்தமாகும். 'ஐ யூஸ்டு டு கோ டு ஸ்கூல் பை பைக்' என்பதே சரி. 'யூஸ்டு டு' என்ற இரண்டு சொற்களை நாக்குக்குப் பழக்கிவிடுங்கள். குழந்தைப் பருவம் பற்றிய எந்தக் கேள்விக்கும் கைகொடுக்கும்.

உச்சரிப்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பலரும் 'பை-சைக்கிள்' என்கிறோம். சரியான உச்சரிப்பு 'பை-ஸிக்கிள்'. அழுத்தம் முதல் அசையான 'பை'யில். ஆனால், 'மோட்டார் சைக்கிள்' என்னும்போது 'சைக்கிள்' சரிதான்.

குரங்கு பெடலுக்கு ஆங்கிலத்தில் என்ன?

நேரடிச் சொல் தேடி 'ம்ம்... ஆ...' என்று திணற வேண்டாம். ஒரு சொல் தெரியாதபோது வேறு சொற்களால் விளக்குவதும் சொல்வளத்தில் சேரும். 'பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் எனக்கு உயரம். அதனால் சீட்டில் உட்காராமல், ஒரு காலை பாருக்கு அடியில் விட்டு மிதிப்பேன்' என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நம் 'பார்', அங்கே 'க்ராஸ்பார்'. நாம் 'கேரியர்' என்பதை 'ரேக்' என்பார்கள். 'டபுள்ஸ் போனோம்' என்பதற்கு, 'தம்பியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன்' என்றாலே போதும். 'பஞ்சர்' அங்கேயும் பஞ்சர்தான்!

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்தது, சீட்டைப் பிடித்தபடி ஓடிவந்த அப்பா சொல்லாமலே கையை விட்டது, முட்டியில் வாங்கிய சிராய்ப்பு, பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிள்... இவையெல்லாமே இரண்டாவது பகுதிக்கான சரக்கு. 'நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு திறமை', 'குடும்பத்தில் ஒருவர் சொல்லிக்கொடுத்த விஷயம்' போன்ற அட்டை வந்தால், கற்றுத்தந்தவர் யார், எந்த இடம், எப்படி விழுந்தேன், முதன்முதலில் தனியாக ஓட்டியபோது எப்படி இருந்தது என்று நான்கு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் தானாக ஓடும்.

மூன்றாவது பகுதிக்கு நம்ம புதுக்கோட்டை!

'சைக்கிள் ஒரு சமூகத்தை மாற்றுமா?', 'நகரங்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதை தேவையா?' போன்ற கேள்விகள் வரலாம். பலர் 'மாசு குறையும், உடம்புக்கு நல்லது' என்று இரண்டு வரியோடு முடித்துவிடுவார்கள். மக்களைவிட சைக்கிள்கள் அதிகம் இருக்கும் நெதர்லாந்தை உதாரணம் காட்டலாம். அதைவிட அழுத்தமான உதாரணம் நம்மிடமே இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முக்கியக் காரணம். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம நர்ஸ்கள் என்று ஏராளமான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல், தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் பொருள் கொண்டுபோகவும் அவர்களால் முடிந்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி, உலகம் முழுக்கத் தெரிந்த கதை இது. இதை மூன்று நான்கு வரிகளில் காரணம், உதாரணம், விளைவு என்று கோவையாகச் சொன்னால், அதுதான் மூன்றாவது பகுதி எதிர்பார்க்கும் பதில்.

மனப்பாடம் வேண்டாம்... மொபைல் போதும்!

யூடியூபில் கிடைக்கும் 'மாதிரி பதில்'களை ஒப்பிக்காதீர்கள். ஒப்பித்தலைக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சி உண்டு. வெள்ளைக்காரர் மாதிரி இழுத்துப் பேசவும் தேவையில்லை. தமிழ் வாடை அடித்தாலும், தெளிவாகப் புரிந்தால் போதும்.

இன்று இரவே மொபைலில் டைமர் வையுங்கள். ஒரு நிமிடம் குறிப்பு, இரண்டு நிமிடம் பேச்சு, அதை ரெக்கார்டிங். கேட்டுப் பார்த்தால் எங்கே திணறுகிறோம் என்று தெரிந்துவிடும். பேசச் சரக்கு இல்லையென்றால், அம்மாவிடமோ பாட்டியிடமோ 'நீங்க எப்போ சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டுப்பாருங்கள். 'என்னை எங்கடா ஓட்டவிட்டாங்க?' என்று பதில் வந்தாலும், பேசுவதற்கு ஒரு கதை கிடைத்துவிடும்!