உயர்கல்விக்கான தனியார் உதவித்தொகை

உயர்கல்விக்கான தனியார் உதவித்தொகை என்பது அறக்கட்டளைகள், தொழில் நிறுவனங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், சமூக அமைப்புகள், தனிக் கொடையாளர்கள் ஆகியோர் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கும் பண உதவியாகும். இது அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையிலிருந்தும் வங்கிக் கல்விக் கடனிலிருந்தும் வேறுபட்டது. பெரும்பாலான தனியார் உதவித்தொகைகளைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் ஒரே உதவித்தொகை ஒரு படிப்பின் முழுச் செலவையும் ஏற்பது அரிது. அரசு உதவி போக எஞ்சும் விடுதிக் கட்டணம், உணவு, பயணம், புத்தகம், மடிக்கணினி போன்ற செலவுகளை ஈடுகட்டவே இது பெரிதும் உதவுகிறது. எனவே எந்தச் செலவுக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிட்ட பிறகு தேடுவதே பயன் தரும்.

பின்னணி

இந்தியாவில் தனியார் கல்வி உதவிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-இல் தொடங்கிய ஜே. என். டாடா அறக்கொடை, வெளிநாட்டில் உயர்கல்வி பயிலச் செல்லும் இந்தியர்களுக்கு இன்றும் கடன் உதவித்தொகை வழங்கி வருகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் லண்டனில் படிக்க டாடா உதவி பெற்றவர். கணித மேதை சீனிவாச ராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அதற்கு முன், நெல்லூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரை ஆதரித்தார்.

அண்மைக் காலத்தில் இத்துறை விரிவடைய 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் ஒரு முக்கியக் காரணம். இச்சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வி மேம்பாடு இப்பணிகளுள் ஒன்று. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும் இப்பிரிவு கூறுகிறது. ஊருக்கு அருகில் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், மின் நிலையம், துறைமுகம் ஆகியவற்றின் சமூகப் பொறுப்புத் திட்டங்களை முதலில் விசாரிக்க இதுவே காரணம்.

முதலில் அரசு உதவி

தனியார் உதவியைத் தேடும் முன், உரிமையாகக் கிடைக்கக்கூடிய அரசு உதவிகளைப் பட்டியலிட வேண்டும். தமிழ்நாட்டில் உள்ள முக்கிய உதவிகள் சில:

- 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு. இதில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.
- குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் வழங்கப்படும் கல்விக் கட்டணச் சலுகை.
- பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குமான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை.
- மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024). இவற்றின் கீழ் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

இக்கணக்கைப் போட்ட பிறகே உண்மையான பற்றாக்குறை தெரியவரும். எடுத்துக்காட்டாக, ஒரு மாணவியின் ஓராண்டுச் செலவு 1,40,000 ரூபாய் என்று கொள்வோம். கட்டணச் சலுகையாக 25,000 ரூபாயும் புதுமைப் பெண் திட்டத்தில் 12,000 ரூபாயும் கிடைத்தால் எஞ்சுவது 1,03,000 ரூபாய். இதில் 40,000 ரூபாயைக் குடும்பம் தர முடியுமானால், தேடவேண்டிய தொகை 63,000 ரூபாய் மட்டுமே. இத்தொகையை ஒரே பெரிய உதவித்தொகையிலிருந்து எதிர்பார்ப்பதைவிட இரண்டு மூன்று சிறிய உதவிகளிலிருந்து சேர்ப்பது எளிது.

முக்கிய வகைகள்

தேவை அடிப்படையிலானவை: குடும்ப வருமானமே முதன்மை அளவுகோல். நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை தன் 'விதை' திட்டத்தின் வழியே கிராமப்புற, ஏழைக் குடும்பங்களின் மாணவர்களைக் கல்லூரியில் சேர்க்கிறது. தன்னார்வலர்கள் மாணவரின் வீட்டுக்கே சென்று நிலைமையை அறிந்த பின்னரே தேர்வு நடைபெறும்.

தகுதியும் தேவையும் இணைந்தவை: 1994-இல் தொடங்கப்பட்ட ஃபவுண்டேஷன் ஃபார் எக்ஸலென்ஸ் அமைப்பு, பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் நல்ல தரவரிசையுடன் சேர்ந்த ஏழை மாணவர்களுக்கு உதவுகிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலைப் பட்ட உதவித்தொகை முதலாமாண்டு மாணவர்களுக்கானது. திறனறித் தேர்வு எழுத வேண்டும். படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பெண்களுக்கானவை: கோட்டக் கன்யா உதவித்தொகை தொழிற்கல்விப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் தரும் அசிம் பிரேம்ஜி உதவித்தொகை, குறிப்பிட்ட சில மாநிலங்களுக்கு மட்டும் உரியது. எனவே பிற தகுதிகளைப் படிக்கும் முன் தம் மாநிலம் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கல்லூரி வழியே வருபவை: சில உதவித்தொகைகளுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது, கல்லூரியே பெயரைப் பரிந்துரைக்கும். ஆதித்ய பிர்லா உதவித்தொகை இத்தகையது. பல கல்லூரிகளில் முன்னாள் மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளை நிதிகளும் உள்ளன.

தேடும் இடங்கள்

தேடலை அருகிலிருந்து தொடங்கித் தொலைவுக்குக் கொண்டு செல்வது நல்லது. நாடு முழுமைக்குமான உதவித்தொகைக்குப் பெருந்திரளானோர் போட்டியிடுவர். ஒரு கல்லூரி, ஓர் ஊர், ஒரு தொழிற்சங்கம் என்று வரையறுக்கப்பட்ட நிதிக்கு விண்ணப்பிப்போர் குறைவு. விசாரிக்கத் தக்க இடங்கள்:

- கல்லூரி அலுவலகம், துறைத் தலைவர், முன்னாள் மாணவர் சங்கம்
- படித்த பள்ளியின் தலைமையாசிரியர்
- பெற்றோர் பணிபுரியும் நிறுவனம், தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் நல வாரியம்
- ஊரில் உள்ள அரிமா, ரோட்டரி சங்கங்கள்
- சமுதாயச் சங்கங்கள், ஜமாஅத், மறைமாவட்டம், கோயில் சார்ந்த அறக்கட்டளைகள்
- அருகிலுள்ள பெருந்தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவு
- பல உதவித்தொகைகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் வித்யாசாரதி, பட்டி4ஸ்டடி போன்ற இணையவாயில்கள்

தொழிலாளர் நல வாரியம் அரசு சார்ந்தது. ஆயினும் கட்டுமானம், தையல், கைத்தறி போன்ற தொழில்களில் உள்ள பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு என்பதை அறியாதிருப்பதால் இங்கே சேர்க்கப்பட்டுள்ளது. இதனைப் பெறப் பெற்றோர் வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

காலமும் பணமும்

உதவித்தொகை கிடைக்குமா என்பதைப் போலவே எப்போது கிடைக்கும் என்பதும் முக்கியமானது. தமிழ்நாட்டில் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகிறது. அடுத்த சில மாதங்களில் கலந்தாய்வும் சேர்க்கையும் முடிந்துவிடும். தனியார் உதவித்தொகைகள் பலவற்றுக்குச் சேர்க்கைச் சான்றும் கட்டணச் சீட்டும் தேவைப்படுவதால், சேர்ந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அதன்பின் சரிபார்ப்பு, நேர்காணல் ஆகியவை முடிந்து பணம் வர மேலும் பல மாதங்கள் ஆகும். ஆகவே முதல் பருவக் கட்டணத்துக்கு இப்பணத்தை நம்பியிருக்க இயலாது.

குறித்த நேரத்தில் சிறு தொகை இல்லாமற் போவதன் விளைவை 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணமான 17,500 ரூபாயைக் கெடு முடியும் முன் கட்ட இயலாததால் அந்த இடம் பறிபோனது. நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின் கீழ்த் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. எல்லாருக்கும் இத்தகைய வழி கிடைப்பதில்லை.

சேர்க்கைக் காலத்துக்கான பணத்தைத் தனியே ஏற்பாடு செய்துகொள்வது அவசியம். குடும்பச் சேமிப்பு, கல்லூரியிடம் எழுத்து வழியே கேட்டுப் பெறும் தவணை அல்லது கால அவகாசம், கல்விக் கடன் ஆகியவை அதற்கான வழிகள்.

ஆவணங்கள்

விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதற்கு மதிப்பெண் குறைவு மட்டுமே காரணமன்று. ஆவணக் குறைபாடும் ஒரு காரணம். பொதுவாகக் கேட்கப்படுபவை: மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் அட்டை, கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், கட்டண விவரம், கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வந்தபின் அங்கே கூட்டம் மிகும் என்பதால் ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பெயரும் முதலெழுத்தும் தனிச் சிக்கலாக அமைகின்றன. பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வி' என்றும், ஆதாரில் 'செல்வி முருகன்' என்றும், வங்கியில் 'செல்வி மு' என்றும் இருந்தால் கணினி மூன்றையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாகக் கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே திருத்திக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். முழு அடையாள ஆவணங்கள் இன்றித் திறக்கப்பட்ட 'சிறு கணக்கில்' இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு மொத்த வரவு 1 லட்சம் ரூபாயையும் தாண்டக்கூடாது. பள்ளிக் காலத்தில் திறந்த கணக்கை வைத்திருப்போர், 18 வயது நிறைந்ததும் ஆவணங்களைக் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது.

விண்ணப்பக் கட்டுரையும் நேர்காணலும்

பல அறக்கட்டளைகள் ஒரு சிறு கட்டுரை கேட்கின்றன. 'நான் ஏழை, எனக்கு உதவுங்கள்' என்ற பொதுவான வேண்டுகோள் தேர்வாளருக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார், எந்த மாதங்களில் வேலை இருக்காது, இப்பணம் எந்தச் செலவுக்குப் போகும், படிப்பு முடிந்தபின் என்ன செய்ய எண்ணம் என்பவற்றைத் தெளிவான விவரங்களுடன் சொல்வதே வலுவானது. வீட்டு வேலை, பகுதிநேர வேலை, தம்பி தங்கையரைக் கவனித்தல் ஆகியவற்றுக்கிடையே படித்திருந்தால் அதையும் குறிப்பிடலாம். துன்பத்தை மிகைப்படுத்தக்கூடாது, வீட்டு விசாரணையின்போது முரண்பாடு தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

தமிழில் எழுத அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்றால், எளிய சொந்த வாக்கியங்களில் எழுதி ஆசிரியரிடம் திருத்தம் பெறுவது நல்லது. இணையத்திலிருந்து எடுத்த கட்டுரை நேர்காணலில் எளிதில் வெளிப்பட்டுவிடும்.

மோசடிகளை அறிதல்

உதவித்தொகையின் பெயரால் பண மோசடிகளும் நடக்கின்றன. பின்வருவன எச்சரிக்கை அடையாளங்கள்:

- பதிவுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம், முன்வைப்புத் தொகை கேட்பது
- விண்ணப்பிக்காமலே 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று செய்தி வருவது
- ஓடிபி எண், ஏடிஎம் அட்டை விவரம், யுபிஐ ரகசிய எண் கேட்பது
- அமைப்பின் முகவரியோ பதிவு விவரமோ இல்லாதிருப்பது

பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இடத் தேவையில்லை. அனுப்பும்போது மட்டுமே அது தேவைப்படும். பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

நிபந்தனைகளும் புதுப்பித்தலும்

ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகைகளைப் பெறுவதற்குச் சில திட்டங்கள் தடை விதிக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை பெறுவோர் வேறு உதவித்தொகை பெறக்கூடாது என்பது அதன் விதி. சில தனியார் அறக்கட்டளைகளும் இவ்வாறே கூறுகின்றன. வேறு சில, பிற உதவிகளை அறிவித்தால் போதும் என்கின்றன. பிற உதவியை மறைத்துப் பெற்றால் தொகையைத் திருப்பிக் கேட்க நேரலாம். எனவே ஏற்பதற்கு முன் இரு திட்டங்களின் விதிகளையும் ஒப்பிட்டு, எது கூடுதல் பயன் தரும் என்று முடிவெடுக்க வேண்டும்.

பல ஆண்டு உதவித்தொகைகளும் தாமாகத் தொடர்வதில்லை. ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலையும் புதிய போனஃபைடு சான்றிதழையும் அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். பல திட்டங்களில் குறைந்தபட்ச மதிப்பெண் தேவை. சிலவற்றில் அரியர் இருந்தால் உதவி நின்றுவிடும். உடல்நலக் குறைவு, பெற்றோர் மறைவு போன்ற காரணங்களால் ஒரு பருவத்தில் தேர்ச்சி தவறினால், முடிவு வெளிவந்ததும் அறக்கட்டளைக்குச் சான்றுடன் கடிதம் எழுதுவது நல்லது. விதியைத் தளர்த்துவது கொடையாளரின் முடிவைப் பொறுத்தது என்பதால், காரணம் அவருக்கு உரிய காலத்தில் தெரிந்திருக்க வேண்டும்.