மிடியும் குரலும்: வீட்டுக்குள் ஒரு ஸ்டூடியோ

கம்ப்யூட்டர் எந்த வாத்தியத்தையும் வாசிக்கும். எதை அதனிடம் விடுவது, எதை மனிதரிடமே விடுவது என்பதுதான் கேள்வி

இரவு பதினொரு மணி. மின்விசிறி நிறுத்தப்படுகிறது. ஜன்னல் சாத்தப்படுகிறது. பக்கத்து வீட்டு டிவி ஓய்ந்துவிட்டதா என்று ஒரு முறை காது கொடுத்துக் கேட்டாகிவிட்டது. கதவில் தொங்கும் கம்பளிப் போர்வைக்கு முன்னால் மைக். மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஒரு சின்ன கீபோர்டு. புனேயிலோ கொச்சியிலோ குவஹாத்தியிலோ, ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் இப்படி ஒரு ரெகார்டிங் நடக்கிறது. பகலில் அலுவலகம், இரவில் இசையமைப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டிய வாடகை ஸ்டூடியோ தேவையில்லை.

ஆனால் மறுநாள் காலை பாட்டைக் கேட்கும்போது பலருக்கு ஏமாற்றம். தாளம் பிசகவில்லை. சுருதி விலகவில்லை. ஆனாலும் பாட்டில் உயிர் இல்லை. குறை பெரும்பாலும் கருவியின் விலையில் இல்லை. மிடி, ஆடியோ என்ற இரண்டு வேறுவேறு சமாச்சாரங்களை ஒன்றாக நினைப்பதில்தான் இருக்கிறது.

கட்டளை வேறு, ஒலி வேறு

தமிழ் அகராதியில் மிடி என்றால் வறுமை. இசைக்கலைஞர்களின் அகராதியிலோ அது செலவைக் குறைத்த சொல். ஒரு வாத்தியம் இன்னொரு வாத்தியத்துக்கோ கம்ப்யூட்டருக்கோ கட்டளை அனுப்பும் பொது மொழி அது. எந்தக் கட்டையை அழுத்தினார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்பதை மட்டும் அது எண்களாகக் குறித்துக்கொள்கிறது. கட்டைக்கு ஓர் எண், அழுத்திய வேகத்துக்கு ஓர் எண், எல்லாம் 0 முதல் 127க்குள். மிடியில் ஒலி என்பதே கிடையாது. ஒலியைத் தருவது அந்தக் கட்டளையைப் படிக்கும் சிந்தஸைஸரோ சாஃப்ட்வேரோதான்.

ஆடியோ நேர்மாறு. மைக்கில் விழுந்த ஒலி அலையை, சிடி தரத்தில் என்றால், விநாடிக்கு 44,100 தடவை அளந்து வைப்பது அது. ஸ்டீரியோவில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். அதே பாட்டின் மிடி சில கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். ஒன்று சமையல் குறிப்பு, மற்றது சமைத்த சாப்பாடு. குறிப்பில் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். சமைத்த பிறகு அது அவ்வளவு சுலபமில்லை.

மும்பையும் சென்னையும்

இந்தப் பொது மொழி இல்லாத காலத்தின் சிரமத்துக்கு மும்பையிலேயே சாட்சி உண்டு. இந்திப் படப் பாடல்களுக்கு கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982ல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். மூன்றையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க அவரே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அன்று அந்த இசைத்தட்டு விலைபோகவில்லை. 2010ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி 1983ல் வந்தது. அந்த ஜனவரியில் போட்டி நிறுவனங்கள் இரண்டின் சிந்தஸைஸர்கள் ஒரு கண்காட்சியில் ஒரே கம்பியில் பேசிக்கொண்டன. இந்தப் பணிக்காக இருவருக்கும் 2013ல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

அதன் பலனை இந்தியா சீக்கிரமே கேட்டது. 1989ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் என்ற ஸ்டூடியோவை அமைத்தார். 1992ல் 'ரோஜா' வந்தது. இன்னொரு தலைமுறை கழிந்து, 2014ல் மும்பை குர்லாவைச் சேர்ந்த ராப் பாடகர் நேஸி, 'ஆஃபத்' பாட்டைப் பதிவு செய்ததும் படம் பிடித்ததும் ஓர் ஐபேடில். ஸ்டூடியோ பின்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

தோடியின் காந்தாரம்

இங்கேதான் இந்திய இசையின் வழக்கு தொடங்குகிறது. மிடி பியானோக் கட்டைகளை மனதில் வைத்துப் பிறந்தது. ஸ்தாயிக்கு 12 கட்டைகள், ஒவ்வொன்றும் தனித்தனி. தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவதுதான் அதன் அடையாளம். இந்துஸ்தானியின் மீண்டும் அப்படித்தான்: ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றதற்குப் போகும் பாதையே இசை.

மிடியில் இதற்கு வழியே இல்லை என்பதில்லை. கீபோர்டின் இடது பக்கம் உள்ள பிட்ச் பெண்ட் சக்கரம் ஸ்வரத்தை வளைக்கும். அந்த வளைவுக்கு 16,384 படிகள் உண்டு. ஆனால் வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரங்களுக்கு மேல் போகாது. சாஃப்ட்வேர் வாத்தியத்தில் அந்த எல்லையை 12 என்று மாற்றிவிட்டு, பழைய பதிவை அப்படியே ஓடவிட்டால் கமகம் ஊளையாகிவிடும். தவிர, சக்கரம் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக வளைக்கும் எம்.பி.ஈ. முறை 2018ல் அங்கீகாரம் பெற்றது. இன்னும் நுணுக்கமான மிடி 2.0 2020ல் வந்தது. ஆனால் கருவியும் சாஃப்ட்வேரும் இரண்டுமே அந்த மொழியை அறிந்திருந்தால்தான் பயன்.

தாளத்திலும் இதே கதை. முன்னே பின்னே விழுந்த அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதிக்கு குவான்டைஸ் என்று பெயர். கட்டம் நான்காகப் பிரிந்திருக்கும்போது கண்ட நடையில் வாசித்தால் சாஃப்ட்வேர் அதைத் தப்பென்று நினைத்துத் திருத்திவிடும். கட்டத்தை முதலில் ஐந்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் நூறு சதவீதம் இழுக்காமல் பாதி இழுத்து விடுவது நல்லது. மிருதங்க அடிகள் எல்லாம் ஒரே வேக எண்ணில் இருந்தால் அது மிருதங்கமில்லை, தையல் மெஷின்.

முதலில் சுருதி, பிறகு குரல்

அனுபவசாலிகள் வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். பின்னணி முழுவதும் முதலில் மிடியில். பாடுபவர் வந்து பாடிப் பார்த்து, ஒரு கட்டை தாழ்வாக இருக்கிறது, ஒன்றரை வேண்டும் என்றால் ஒரு நொடியில் மாற்றலாம். வேகத்தையும் அப்படியே. குரல் பதிவான பிறகு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆடியோவை இழுக்கவும் உயர்த்தவும் சாஃப்ட்வேரால் முடியும் என்றாலும், அளவு மீறினால் குரல் தகரமாகும்.

குரல் பதிவில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒலியின் அளவு. உச்சத்தில் மீட்டர் சிவப்பைத் தொட்டால் அந்த இடம் நசுங்கிப்போகும். பிறகு சரிசெய்வது கடினம். 24 பிட்டில் பதிவு செய்பவர் தாராளமாக இடம் விட்டுப் பதியலாம். இரண்டு, தாமதம். பாடியது கம்ப்யூட்டருக்குள் போய் ஹெட்ஃபோனுக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். பஃபர் 1,024 சாம்பிள் என்றால் அது மட்டுமே 23 மில்லிவிநாடி. 256 என்றால் 6க்கும் குறைவு. பாடும்போது குறைத்து வைத்துக்கொண்டு, கலவை செய்யும்போது கூட்டிக்கொள்வதே வழக்கம். கம்ப்யூட்டர் திணறினால் மிடி வாத்தியங்களைத் தற்காலிகமாக ஆடியோவாக மாற்றிக்கொண்டால் பாரம் குறையும்.

வித்வானுக்கு வேலை உண்டா?

கீபோர்டு வந்தபின் படப் பாடல் வாத்தியக் கோஷ்டிகள் சுருங்கின. பத்து வயலின்களின் இடத்தில் ஒரு கட்டை. இது நியாயமான மனக்குறை. ஆனால் அதே வீட்டு ஸ்டூடியோ வேறொரு கதவையும் திறந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் பல கலைஞர்கள் தங்கள் வீட்டிலேயே மைக் வைத்துப் பழகினார்கள். பின்னணி இசையை அனுப்பினால் கொல்கத்தாவிலிருந்து சரோட், திருச்சூரிலிருந்து புல்லாங்குழல் என்று ஆடியோ ஃபைலாக வந்து சேரும். வேகமும் சுருதியும் சாம்பிள் எண்ணும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 48,000ல் பதிந்ததை 44,100 என்று நினைத்து சாஃப்ட்வேர் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் இறங்கிவிடும்.

எதை மிடிக்கு விடலாம் என்பதற்கான பதிலும் இதில் இருக்கிறது. தம்பூரா போன்ற அடித்தளம், கார்ட்ஸ், பேஸ், எதிர்த்தாளம் ஆகியவற்றை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கேட்பவரின் காது தேடிப் போகும் அந்த ஒரு வரியை, குரலையோ குழலையோ வயலினையோ, மனிதரிடம் விட்டால் பாட்டு நிமிர்ந்து உட்காரும். ஒரே ஒரு நிஜ வயலின், அடியில் இருக்கும் பத்து இயந்திர வயலின்களுக்கும் மூச்சு கொடுக்கும்.

பத்து வருடம் கழித்து

பலர் மறக்கும் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. சாஃப்ட்வேர்களுக்கு ஆயுள் நிச்சயமில்லை. 2019ல் ஆப்பிள் கம்ப்யூட்டர்களின் புதிய இயங்குதளம் 32 பிட் சாஃப்ட்வேர்களைக் கைவிட்டபோது, அவற்றை நம்பியிருந்த பழைய பாடல்கள் பாதி ஊமையாகத் திறந்தன. கட்டளை இருந்தது, வாசிக்க வாத்தியம் இல்லை.

தப்பிக்கும் வழி எளிது. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வாத்தியத்தையும் முதல் அட்சரத்திலிருந்தே தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வைக்க வேண்டும். கூடவே மிடியைத் தனியாக. 1988ல் வகுத்த பொது மிடி ஃபைல் இன்றும் எந்த சாஃப்ட்வேரிலும் திறக்கிறது. வேகமும் சுருதியும் ஒரு துண்டுக் காகிதத்தில். எல்லாவற்றுக்கும் இன்னொரு ஹார்டு டிஸ்கில் ஒரு நகல்.

மணி இரண்டு ஆகிறது. மின்விசிறி மறுபடி சுழலத் தொடங்குகிறது. வாத்தியத்தை வேறொரு நாள் மாற்றிக்கொள்ளலாம். அம்மா பாடிக் கொடுத்த அந்த ஒரு பல்லவியை மறுபடி பதிய வாய்ப்பு வருமா என்பது யாருக்கும் தெரியாது. முதலில் நகலெடுக்க வேண்டியது அதைத்தான்.