ஆதுலர் சாலையும் ஆட்சிக் கல்வியும்

நோயுற்ற ஒருவன் மருத்துவமனையின் வாயிலை மிதிக்கும்போது மருத்துவர் ஒருவரையே மனத்திற் கொண்டு மிதிக்கின்றான். அம்மருத்துவரின் கைக்கு உரிய மருந்து உரிய நேரத்தில் வந்து சேர எத்தனை பேர் விழிப்போடு உழைத்தல் வேண்டும் என்பதை அவன் எண்ணுவதில்லை. என் மாமன் பாம்பு கடியுண்டு கிடந்த இரவு வரையில் யானும் எண்ணியதில்லை.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை. அப்போது யான் பதின்மூன்று அகவைச் சிறுவன். கரும்புக்கு நீர் பாய்ச்சச் சென்ற மாமனை விரியன் தீண்டிவிட்டது. வண்டி பூட்டித் தொலைவில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் இருந்தார், நஞ்சை முறிக்கும் மருந்தும் இருந்தது. ஆனால், மருந்திருந்த அறை பூட்டிக் கிடந்தது. திறவுகோலை வைத்திருந்தவர் அயலூரில் நடந்த திருமணத்திற்குச் சென்றிருந்தார். அவரைத் தேடி அழைத்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாமன் பிழைத்தார், ஆயினும் அவருடைய வலக்கால் பழைய நிலைக்கு வரவே இல்லை. திருமணத்திற்குச் சென்றவர்மேற் குற்றம் கூற எனக்கு மனம் வரவில்லை. மற்றொரு திறவுகோல் வேண்டும் என்று முன்னரே நினைப்பது எவர் பணி என்பதை அங்கு எவரும் வகுத்து வைக்கவில்லை. அதுவே குறை.

எவர் பணி, எவ்வளவு பொருள், எந்த நேரம் என்று வகுத்து வைக்கும் அறிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்திற்கு அண்மையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அஃது ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. அக்கோயிலைச் சார்ந்து கல்விச் சாலையும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் நடைபெற்றன. ஆதுலர் என்பார் நோயாளர். அச்சாலையில் படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வார்க்கு 30 கலம் நெல். (அறுவை செய்வார் மருத்துவரினும் குறைந்த ஊதியம் பெற்ற காலமும் இருந்தது போலும்!) மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர் ஆகியோர்க்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கின்றது. நோயாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகள் ஏறத்தாழ 20 பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. இரவில் எரியும் விளக்கிற்கு எண்ணெயையும் மறந்தாரில்லை. அந்த விளக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பூட்டிய அறையே நினைவுக்கு வரும்.

மேனாட்டில் இவ்வறிவைக் கணக்கிட்டுக் காட்டியவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவர் 1854-இல் கிரிமியப் போரிற் காயமுற்றாரைப் பேணத் துருக்கி நாட்டு இசுகுடாரிக்குச் சென்றார். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடைபட்ட கழிவுநீர்க் கால்கள் துப்புரவு செய்யப்பட்டன. காற்றுக்கு வழி திறக்கப்பட்டது. சில திங்களில் அத்தொகை நூற்றுக்கு மூன்றினும் குறைந்தது. புதிய மருந்து யாதும் வந்திலது என்பதை மாணவர் உற்று நோக்குக.

எனினும், இதனைப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் மெல்லவே முளைத்தது. நெடுங்காலம் முதிய மருத்துவரோ, தலைமைச் செவிலியரோ, துறவியரோ தத்தம் பட்டறிவைக் கொண்டே மருத்துவமனைகளை நடத்தி வந்தனர். 1899-இல் நியூயார்க்கில் கொலம்பியாவைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில், செவிலியர்க்கென்று மருத்துவமனைப் பொருளியல் வகுப்பு ஒன்று தொடங்கிற்று. பின்னர், மைக்கேல் டேவிசு என்பார் இதனைத் தனித் தொழிலாகக் கொள்ள வேண்டும் என 1929-இல் நூலெழுதி வற்புறுத்தினார். அவர் முயற்சியால் 1934-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனப் பட்ட மேற்படிப்பு ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏனைய பல்கலைக்கழகங்களும் இதனைப் பின்பற்றின.

அங்கே கற்பது யாது? ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு மருத்துவமனையில் 100 படுக்கைகள் உள்ளன. நோயாளி ஒவ்வொருவரும் 10 நாள் தங்குகின்றனர். 30 நாளில் 300 பேருக்கே இடம் உண்டு. ஆய்வு முடிவுகள் காலந்தாழ்த்தாது வந்து, தங்கும் நாள் 8 ஆகக் குறையின், 375 பேர் நலம் பெறலாம். ஒரு செங்கலும் கூடுதலாக வைக்காமல் 75 பேருக்கு இடம் கிடைத்துவிடுகின்றது! இவ்வாறு காலத்தையும் இடத்தையும் பொருளையும் அளக்கக் கற்பதோடு, மருத்துவமனைகளிலேயே தங்கிப் பயிலவும் வேண்டும்.

நம் நாட்டில் 1964-இல் தில்லியில் நலவாழ்வு நிர்வாகக் கல்விக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்று தோன்றியது. அது 1977-இல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு நிறுவனத்தோடு இணைந்தது. தமிழ்நாட்டிற் குறிக்கத்தக்கது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாகக் கிடப்பார். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கட்டணம் செலுத்துவோரின் பொருள், செலுத்த இயலாதார்க்கும் பயன்படும்படி வகுத்தனர். இம்முறையைப் பிறர்க்கும் கற்பிக்க 1992-இல் அங்கேயே பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது. வெளிநாட்டவரும் வந்து கற்கின்றனர்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1994-இல் பதிவு செய்யப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் ஆய்ந்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கின்றது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குரிய கணக்குப் புத்தகத்தைக் காட்டி, வேண்டுவதைப் பெற்றுக்கொள்ளும். திருமுக்கூடற் கல்வெட்டின் மருந்துப் பட்டியல் மீண்டும் எழுதப்பட்டது என்றே யான் கருதுவேன்.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அங்கே 2022 சனவரி 12-ஆம் நாள் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்வராயன் மலையினின்று நோயாளரைத் தூக்கி வருவோர்க்கும், எங்கள் ஊரார்க்கும் தொலைவு குறைந்தது. அண்மையில் அயல் வீட்டார் ஒருவரைக் காண யான் ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். மருந்தறைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. இரவில் திறவுகோல் எவரிடம் உள்ளது, அவர் இல்லையெனில் எவரிடம் உள்ளது என்று அதில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அதன்முன் சிறிது நேரம் நின்றேன்.