"டிக்" மார்க்குக்குத்தான் காசு!

"அப்பா, டிக் மார்க் ஷூதான் வேணும்!"

ஜெயமங்கலத்துப் பையனும் இப்படித்தான் அடம் பிடிக்கிறான். வயலில் கூலி வேலை பார்க்கும் அப்பா என்ன செய்வார்? தேனிக்கு பஸ் ஏறி, போலி டிக் போட்ட ஷூ வாங்கித் தருகிறார்.

அந்த டிக்கை 1971-ல் நைக்கி கம்பெனிக்காக வரைந்தவர் அமெரிக்க மாணவி கரோலின் டேவிட்சன். கூலி வெறும் 35 டாலர்! (பிறகு 1983-ல் பங்குகளும் கொடுத்தார்கள்.)

1985-ல் கூடைப்பந்து வீரர் ஜோர்டான் பெயரில் ஷூ வந்தது. கறுப்பு-சிவப்பு ஷூ விதிக்கு விரோதம் என்றது அமெரிக்கக் கூடைப்பந்து சங்கம். கம்பெனி அசரவில்லை. தடையையே விளம்பரம் ஆக்கியது! ஷூ பறந்தது.

இன்னொரு வேடிக்கை. அசல் நைக்கி ஷூ நம்ம செய்யாறிலேயே தயாராகிறது. தைப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். அதில் ஒரு ஜோடி வாங்க அவர்களுக்கே பல நாள் சம்பளம் வேண்டும்.