வார் ரூம் – 14: நேரம் கொடுத்தவர்

தலைவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் யாரைப் பிடிக்க வேண்டும்? கட்சி ஆபீஸ் வாசலில் நாலு நாள் நின்றவருக்கு இது தெரிந்திருக்கும். ஹிலாரி கிளின்டனைப் பொறுத்தவரை, 1992 தேர்தல் காலத்திலிருந்தே அந்த ஆளாக இருந்தவர் பேட்டி சோலிஸ் டாயில்.

மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வளர்ந்தது சிகாகோவின் பில்சன் பகுதியில், படித்தது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். பில் கிளின்டனின் பிரசாரத்துக்கு வேலைக்குப் போனவரை, வேட்பாளரின் மனைவிக்கு நிகழ்ச்சி நிரல் போட உட்காரவைத்தார்கள். வெள்ளை மாளிகையின் எட்டு ஆண்டுகளும் அதே வேலைதான். எந்த ஊர், எந்த மேடை, யாருக்கு ஐந்து நிமிடம், யாருக்கு 'இன்னொரு நாள் பார்க்கலாம்' என்பதையெல்லாம் முடிவு செய்கிறவருக்குத் தலைவரின் மனசும் தெரியும், எதிரிகளின் பட்டியலும் தெரியும். கொள்கை வகுப்பவர்கள் வருவார்கள், போவார்கள். டைரியை வைத்திருப்பவர் அசைவதில்லை.

2007-இல் ஹிலாரி அதிபர் வேட்பாளராக இறங்கியபோது பிரசார மேலாளர் பதவி இவருக்கே வந்தது. அமெரிக்க அதிபர் பிரசாரம் ஒன்றை நடத்திய முதல் லத்தீனப் பெண் என்ற பெயரும் கூடவே வந்தது.

ஆனால் நிரல் போடுவது வேறு, படை நடத்துவது வேறு. வியூகம் மார்க் பென் கையில். பணமும் ஆட்களும் இவர் பொறுப்பில். இருவருக்கும் ஆகாது. 2008 ஜனவரி 3-இல் அயோவாவில் நடந்த உட்கட்சி வேட்பாளர் தேர்வில் ஹிலாரிக்கு மூன்றாமிடம். முந்தைய ஆண்டில் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டிய பிரசாரத்துக்கு, வேட்பாளரே சொந்தப் பணம் 50 லட்சம் டாலர் கடன் கொடுக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 5-இல் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் போட்டி. கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் 'காகஸ்' மாநிலங்களை ஹிலாரி அணி கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தது. பெரிய நியூஜெர்சியை வென்று கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஹிலாரி பெற்ற முன்னிலை 11. சின்னஞ்சிறு ஐடஹோவில் போட்டியாளர் ஒபாமா பெற்றது 12!

பிப்ரவரி 10, ஞாயிறு. சோலிஸ் டாயில் விலகினார். அவர் இடத்துக்கு மேகி வில்லியம்ஸ் வந்தார். கஜானா காலியானதற்கு சோலிஸ் டாயில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் 'அனுபவம்தான் நமது துருப்புச்சீட்டு' என்று நாடே மாற்றம் கேட்ட வருடத்தில் முடிவு செய்தவர் பென். அவர் ஏப்ரல் வரை நாற்காலியில் இருந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: கலிபோர்னியாவில் லத்தீன வாக்காளர்கள் ஒபாமாவுக்கு ஒன்று என்றால் ஹிலாரிக்கு இரண்டு என்று போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் மிகுந்த டெக்சாஸ் தேர்தலுக்கு மூன்றே வாரம். அந்த நேரத்தில் இவரை அனுப்பியதை வியூகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒரு தலை தேவைப்பட்டது.

அரசியலில் வேலை தெரிந்தவர் நெடுநாள் வீட்டில் உட்காருவதில்லை. ஹிலாரி தோற்று ஒதுங்கிய ஜூன் மாதமே, வென்ற ஒபாமா அணி இவரை அழைத்துக்கொண்டது. துணை அதிபர் வேட்பாளர் யாரென்று முடிவாகும் முன்பே, அவருக்குத் தலைமை அலுவலர் இவர்தான் என்று அறிவித்தார்கள். ஒபாமாவின் தலைமை வியூகி டேவிட் ஆக்செல்ராட் இவருக்குப் பழைய சிகாகோ நண்பர். ஹிலாரி ஆதரவாளர்களுக்கோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. 'இனி ஹிலாரிக்கு இடமில்லை' என்றுதான் அதைப் படித்தார்கள். ஆகஸ்டில் ஜோ பைடன் பெயர் வந்தது. நவம்பரில் அந்த அணி வென்றது.

அடுத்த வாரம்: 2024-இல் பைடனுக்கும், அவர் ஒதுங்கியபின் கமலா ஹாரிஸுக்கும் பிரசார மேலாளராக இருந்த ஜூலி சாவேஸ் ரோட்ரிகஸ்.