'அதெல்லாம் ப்ரொஃபஷனல்கள் வேலை!' - ஜெர்மனி மாணவர்களைச் சீண்டிய தலைவர். பதில் கொடுத்த 26,800 விஞ்ஞானிகள்!

2019, மார்ச் 10. ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் எஃப்.டி.பி கட்சித் தலைவர் கிறிஸ்டியன் லிண்ட்னர் ஒரு ஞாயிறு இதழுக்குப் பேட்டி கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பைப் புறக்கணித்து, பருவநிலை மாற்றத்துக்கு எதிராக மாணவர்கள் வீதியில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, உலக அளவிலான சிக்கல்களையும், தொழில்நுட்ப ரீதியாக எது சரி, பொருளாதார ரீதியாக எது சாத்தியம் என்பதையும் சிறுவர்களும் இளைஞர்களும் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்றார். கூடவே, இது ப்ரொஃபஷனல்கள் பார்க்க வேண்டிய விஷயம் என்றும் சொன்னார்.

இரண்டே நாள்தான். மார்ச் 12-ம் தேதி, பெர்லினில் அந்த ப்ரொஃபஷனல்களே பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார்கள். 'மாணவர்களின் கவலை நியாயமானது. அதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறது' என்ற அறிக்கை அவர்கள் கையில் இருந்தது. அன்றைய தேதியில் அதில் 12,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். அடுத்த சில நாள்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளிலிருந்தும் சேர்ந்து எண்ணிக்கை 26,800-ஐத் தாண்டியது. உண்மையில் அந்த அறிக்கை சில வாரங்களாகவே தயாராகிக்கொண்டிருந்தது. லிண்ட்னர் தன்னையறியாமலேயே அதற்கு இலவச விளம்பரம் தேடிக்கொடுத்துவிட்டார்!

பின்னால் இருப்பது யார்?

ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் 15 வயது கிரேட்டா துன்பெர்க் 2018 ஆகஸ்ட்டில் தனியாக உட்கார்ந்த கதை நமக்குத் தெரியும். அந்தப் போராட்டம் ஜெர்மனிக்கு வந்து 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' என்ற பெயரில் வேர்பிடித்தபோது, அதன் முகமாக அறியப்பட்டவர் 22 வயதுப் புவியியல் மாணவி லூயிஸா நொய்பாவர். அங்கே பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். காரணமில்லாமல் மட்டம் போட்டால் பெற்றோருக்கு அபராதம்கூட வரலாம். எனவே 'வெள்ளிக்கிழமை லீவு' என்பது சும்மா ஜாலிக்குப் போடும் கட் அல்ல.

'இந்தப் பசங்களைப் பின்னால் இருந்து இயக்குவது யார்?' என்ற சந்தேகம் அப்போது பெரிய இடத்திலிருந்தே வந்தது. 2019 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் பேசிய அன்றைய சான்ஸலர் ஏஞ்சலா மெர்கல், இணையம் வழியாக நடக்கும் மறைமுகப் போர் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, வெளித் தூண்டுதல் எதுவும் இல்லாமல் எல்லாக் குழந்தைகளும் திடீரென்று இப்படிக் கிளம்புவார்கள் என்று நினைக்க முடியவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தையை விட்டார். சர்ச்சையானதும், மாணவர்களின் ஈடுபாட்டை அவர் குறை சொல்லவில்லை என்று விளக்கம் வந்தது.

மார்ச் 12-ம் தேதி மேடையைப் பார்த்தால், மாணவர்களுக்குத் துணையாக யார் யார் வந்தார்கள் என்று தெரியும். மாயா கோபெல், ஜெர்மன் அரசுக்கே உலகளாவிய சூழல் மாற்றங்கள் பற்றி ஆலோசனை சொல்லும் குழுவின் அன்றைய பொதுச் செயலாளர். ஃபோல்கர் க்வாஷ்னிங், பெர்லினில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர். எக்கார்ட் ஃபான் ஹிர்ஷ்ஹவுசன், டாக்டருக்குப் படித்துவிட்டு டி.வி-யில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தி வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனவர். இந்த அறிக்கைக்குத் தொடக்கப்புள்ளி வைத்தவர் கிரெகோர் ஹாகெடோர்ன் என்ற உயிரியலாளர். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்.

இவர்கள் சேர்ந்து உருவாக்கிய 'சயின்டிஸ்ட்ஸ் ஃபார் ஃபியூச்சர்' அமைப்பு தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டது. எந்தக் கட்சிக்கும் ஆதரவு கிடையாது. தரவுகள் எடுத்துக்கொடுப்பது, பள்ளிகளில் போய்ப் பேசுவது, சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது மட்டும்தான் வேலை. என்ன கோருவது, எப்போது வீதிக்கு வருவது என்பதெல்லாம் மாணவர்கள் முடிவு.

180 யூரோ எங்கிருந்து வந்தது?

அதே ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி, மாணவர்கள் தங்கள் கோரிக்கைகளை வெளியிட்டார்கள். 2030-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த வேண்டும். 2035-க்குள் நாட்டின் நிகர கார்பன் வெளியீடு பூஜ்ஜியமாக வேண்டும். அதோடு, வெளியேறும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் விலை வைக்க வேண்டும். அந்த விலை, அது உண்டாக்கும் சேதத்தின் அளவுக்குச் சீக்கிரமே உயர வேண்டும். அதாவது, டன்னுக்கு 180 யூரோ.

'180-ஆ? ஸ்கூல் பசங்க மனசுக்குத் தோன்றியதை எழுதிவிட்டார்கள்' என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. காரணம், அந்த 180 யூரோ கணக்கைப் போட்டது ஜெர்மன் அரசின் சொந்தச் சுற்றுச்சூழல் முகமையேதான்! ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, விளைச்சல் இழப்பிலும் வெள்ளச் சேதத்திலும் உடல்நலக் கேட்டிலும் எவ்வளவு செலவு வைக்கிறது என்று அந்த முகமை மதிப்பிட்டிருந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்த எண்ணை எடுத்து மாணவர்கள் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்களோடு உட்கார்ந்து பேசித் தயாரித்த கோரிக்கைப் பட்டியல் என்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

அரசு என்ன செய்தது? 2019 செப்டம்பர் 20-ம் தேதி, ஜெர்மனி முழுக்க 14 லட்சம் பேர் திரண்டதாகப் போராட்டக்காரர்கள் சொன்னார்கள். அதே நாளில் மெர்கல் அரசு தன் பருவநிலைத் திட்டத்தை அறிவித்தது. அதில் கார்பன் விலை டன்னுக்கு 10 யூரோ!

பெட்ரோல் விலையாக மாற்றிப் பார்த்தால் லிட்டருக்குச் சுமார் 3 சென்ட். 180 யூரோ என்றால் ஏறத்தாழ அரை யூரோ கூடியிருக்கும். வாக்காளர்களை நினைத்து அரசு பயந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் 10 யூரோ என்பது, யானைப் பசிக்குச் சோளப்பொரி. டிசம்பரில் மாநிலங்களின் மேலவை முட்டுக்கட்டை போட்டுப் பேரம் பேசியதில், 2021-ல் 25 யூரோவில் தொடங்குவது என்று முடிவானது. 2025-ல் அது 55 யூரோ. மாணவர்கள் கேட்டது இன்னும் எட்டாத உயரம்தான்.

'எங்கள் கோரிக்கை சரியா? நீங்களே பாருங்கள்!'

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பொதுவாகப் போராட்ட இயக்கங்கள் தங்கள் கோஷத்தைத் தாங்களே சந்தேகிக்காது. இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். '2035-க்குள் பூஜ்ஜியம் என்று கேட்கிறோமே, அது நடக்கிற காரியமா என்று ஆராய்ந்து சொல்லுங்கள்' என்று புகழ்பெற்ற வூப்பர்டால் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார்கள். ஜி.எல்.எஸ் வங்கி நிதியுதவி செய்தது. 2020 அக்டோபரில் அறிக்கை வந்தது.

அந்த அறிக்கையின் அடிப்படை, 'கார்பன் பட்ஜெட்' என்ற கணக்கு. மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் வெப்ப உயர்வு 1.5 டிகிரியைத் தாண்டாமலிருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2020-லிருந்து ஜெர்மனி தன் பங்காக மொத்தமே 420 கோடி டன் கார்பன் டை ஆக்சைடைத்தான் வெளியிடலாம். அப்போது ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டன் வெளியிட்டுக்கொண்டிருந்த நாடு அது. அப்படியே போனால் ஆறே ஆண்டுகளில் பர்ஸ் காலி. எனவே கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் சில ஆண்டுகளிலேயே பெரிய வெட்டு விழுந்தாக வேண்டும்.

முடிவு மாணவர்களுக்கு முழு இனிப்பாக இல்லை. தொழில்நுட்ப ரீதியிலும் பொருளாதார ரீதியிலும் 2035 மிக மிகக் கடினம். ஆனால் அடிப்படையில் சாத்தியம்தான் என்றது அறிக்கை. அதற்கு என்னவெல்லாம் தேவை என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. காற்றாலையும் சூரிய மின்சக்தியுமாக ஆண்டுதோறும் 25 முதல் 30 ஜிகாவாட் சேர வேண்டும். ஆண்டுக்கு ஒரு சதவிகிதம் என்ற அளவில் நடக்கும் பழைய கட்டடங்களின் வெப்பக் காப்புச் சீரமைப்பு, 4 சதவிகிதமாக வேண்டும். கார் போக்குவரத்து பாதியாகக் குறைய வேண்டும். கார் தயாரிப்பையே பெருமையாக நினைக்கும் தேசத்தில்!

அதையும் மாணவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

கோர்ட் படியேறிய தீவுப் பெண்

அடுத்து வக்கீல்கள். வட கடலில் பெல்வோர்ம் என்று ஒரு சிறிய தீவு. கரை கட்டித்தான் கடல்நீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்த சோஃபி பாக்சன், லூயிஸா உட்படப் பல இளைஞர்கள் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்காக வழக்காடியவர்களில் ஒருவர், பருவநிலை வழக்குகளில் பெயர்பெற்ற ஹாம்பர்க் வழக்கறிஞர் ரோடா ஃபெர்ஹாயன். மனுதாரர்களில் பங்களாதேஷ், நேபாளத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாத செய்தி.

2021 ஏப்ரல் 29-ம் தேதி தீர்ப்பு வெளியானது. 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் 2030-க்குப் பிறகு என்ன என்பதற்குப் போதிய வழி சொல்லப்படவில்லை. இன்று சொகுசாகச் செலவழித்துவிட்டுச் சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுவது, அவர்களின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம். நீதிபதிகள் தங்கள் தீர்ப்பில் எடுத்துப் பேசியதும் அதே கார்பன் பட்ஜெட்டைத்தான். பங்களாதேஷ், நேபாள மனுதாரர்களின் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஆனால் அவர்களுக்குச் சாதகமாக முடிவு வரவில்லை.

அரசு அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. 2050 என்றிருந்த இலக்கு 2045-க்கு முன்னேறியது. 2030-க்குள் குறைக்க வேண்டிய அளவு 55-லிருந்து 65 சதவிகிதமானது. 2024-ல் அதே சட்டத்தில், போக்குவரத்து, கட்டடம் என ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக இருந்த கிடுக்கிப்பிடி தளர்த்தப்பட்டது தனிக் கதை.

மோதலும் உண்டு!

ஆலோசகர்கள் சொல்வதை எல்லோரும் அப்படியே கேட்டுக்கொள்வார்களா? இல்லை. பருவநிலைச் சிக்கலுக்கு அணு மின்சாரம் தீர்வல்ல என்று சயின்டிஸ்ட்ஸ் ஃபார் ஃபியூச்சரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் டி.வி பேட்டியில் கிரேட்டா, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அணு உலைகளை மூடிவிட்டு நிலக்கரிக்குப் போவது தவறு என்று சொன்னார். உக்ரைன் போரால் எரிவாயு தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த சமயம் அது.

அதை முதலில் வரவேற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அப்போது நிதியமைச்சராகியிருந்த அதே லிண்ட்னர்! 'எங்கள் நிலைப்பாட்டுக்கு கிரேட்டாவே ஆதரவு' என்கிற தொனியில் ட்வீட் போட்டார். கடைசி மூன்று அணு உலைகள் 2023 ஏப்ரல் 15-ம் தேதி மூடப்பட்டுவிட்டன.

தட்டும் மருந்தும்

விஞ்ஞானிகள் வழியில் மருத்துவத் துறையினர் 'ஹெல்த் ஃபார் ஃபியூச்சர்' தொடங்கினார்கள். அவர்களுக்கு இது பனிக்கரடிப் பிரச்னை அல்ல. வார்டுக்கு வரும் நோயாளியின் பிரச்னை. 2018 கோடையில் மட்டும் வெப்பத்தால் ஜெர்மனியில் சுமார் 8,700 பேர் இறந்ததாக அரசு ஆய்வாளர்களின் மதிப்பீடு. நம் ஊர் மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு 'அதெல்லாம் ஒரு வெயிலா?' என்று தோன்றும். குளிரைத் தாங்கக் கட்டிய, ஏ.சி இல்லாத வீட்டில் தனியாக வசிக்கும் 80 வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டிலும் இவர்கள் கைவைத்தார்கள். 2019 ஜனவரியில் 'தி லான்செட்' மருத்துவ இதழுக்காக 16 நாடுகளைச் சேர்ந்த 37 வல்லுநர்கள், உடம்புக்கும் பூமிக்கும் ஒத்துப்போகும் உணவுமுறையை வகுத்தார்கள். சிவப்பு இறைச்சியும் சர்க்கரையும் உலக அளவில் பாதிக்கு மேல் குறைய வேண்டும். பருப்பு, கொட்டை, காய், கனி இரண்டு மடங்காக வேண்டும். சாம்பாரும் சுண்டலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. சாசேஜ் தேசத்துக்கு அதிர்ச்சிதான். ஆனாலும் 2024 மார்ச்சில் ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் தன் பரிந்துரையை மாற்றியது. வாரத்துக்கு 300 கிராம் இறைச்சி போதும், தட்டில் முக்கால் பங்கு தாவர உணவு இருக்கட்டும் என்றது. இந்த முறை உடல்நலத்தோடு சுற்றுச்சூழலையும் கணக்கில் எடுத்தே பரிந்துரையைத் தயாரித்திருந்தார்கள்.

மனசுக்கும் டாக்டர் தேவைப்பட்டது. 2021-ல், இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பருவநிலை மாற்றத்தை நினைத்து ரொம்பவோ, மிக அதிகமாகவோ கவலைப்படுவதாக 59 சதவிகிதம் பேர் சொன்னார்கள். அந்த உணர்வு தங்கள் அன்றாட வாழ்க்கையையே பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவிகிதத்துக்கும் அதிகம். வாராவாரம் வீதியில் நின்று, கேலியும் மிரட்டலும் வாங்கி, பரீட்சைக்கும் படிக்க வேண்டிய பிள்ளைகள் களைத்துப்போவதில் ஆச்சர்யம் என்ன? ஜெர்மனியில் 'சைக்காலஜிஸ்ட்ஸ் ஃபார் ஃபியூச்சர்' அமைப்பைச் சேர்ந்த உளவியல் நிபுணர்கள், இப்படிக் களத்தில் நிற்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் கவுன்சலிங் கொடுக்கிறார்கள்.