வராகன் உரைக்கும் வரலாறு

ஸ்ரீவராகத்தில் வாழும் நம்மவர்க்கு வராகம் என்னும் சொல் நாள்தோறும் நாவில் வழங்குவது. இப்பகுதிக்குப் பெயர் தந்தது இங்குள்ள லக்ஷ்மி வராகமூர்த்தி திருக்கோயில். தென்னாட்டுப் பொற்காசு வராகன் எனப்பட்டதும், முற்காலத்தில் அதில் பொறிக்கப்பெற்ற வராக உருவத்தாலேயே ஆகும். உருவம் மாறிய பின்னரும் பெயர் நிலைத்தது. திருவிதாங்கூரிலும் அனந்தவராகன் வழங்கிற்று.

இக்காசை முஸ்லிம் மன்னர்களும் அச்சிட்டனர். அவற்றுள் பழங்காசு சேகரிப்போர் விரும்பித் தேடுவது மைசூர் ஹைதர் அலியின் வராகன். 1763-இல் அவர் பெதனூரைக் கைக்கொண்டார். அந்நாட்டுக் காசின் ஒரு புறத்தில் சிவபெருமானும் உமையும் வீற்றிருந்தனர். ஹைதர் அவ்வுருவத்தை நீக்கினாரல்லர். மறுபுறத்தில் தம் பெயரின் முதல் அரபு எழுத்தை மட்டும் பொறித்தார். மக்கள் பழகிய முத்திரையன்றோ சந்தையில் தடையின்றிச் செல்லும்!

1782-இல் தந்தைக்குப்பின் ஆட்சியேற்ற திப்பு சுல்தான், தெய்வ உருவங்களை விடுத்து எழுத்துக்களையே பொன்னில் பொறித்தார். ஆயினும் தந்தையின் முதலெழுத்தைப் போற்றி வைத்தார்; தம் பெயரைப் பொறித்தாரில்லை. வராகனுக்கு, இரண்டாம் கலீபா உமரின் சிறப்புப் பெயரையொட்டி, பாரூக்கி எனப் பெயரிட்டார். வெள்ளி ரூபாய் இமாமி எனப்பட்டது. செப்புக்காசில் யானை நின்றது. கோழிக்கோட்டிலும் அவருடைய பொற்பணம் அச்சாயிற்று. அவர் கொணர்ந்த மவ்லூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாகச் செல்லும். இதனை அறியாதார் ஆண்டைத் தவறாகப் படிப்பர்.

பிழைப்பு நாடி இங்குக் குடியேறிய நம் இல்லங்களில், பாட்டிமாரின் பெட்டியடியில் இத்தகைய பழங்காசு ஒன்றிரண்டு இருத்தல் கூடும். பொன்னின் எடைக்கு விற்றால், உருக்குக் கலத்தில் மன்னனும் ஆண்டும் மறைந்துபோம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குதலும் ஆகாது, எழுத்துத் தேயும். எடையையும், யார்வழி வந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்து, காசுடன் வைத்தல் நலம். மண்ணில் கிடைத்த புதையலாயின், அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி நம் கடமை.

நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறையினரின் நாணயக் காட்சிச்சாலை உள்ளது. விடுமுறை நாளொன்றில் சிறுவர்களை அங்கு அழைத்துச் செல்வோமாக. காசை எண்ணக் கற்ற பிள்ளைகள், அதனைப் படிக்கவும் கற்கட்டும்.